குடைக்கடைக்காரர் மகள் தொப்பி போட்ட கதை

அடுத்தவர் தலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் ஆண்டவன் மனிதர்களுக்குக் கண்ணைக் கொடுத்திருக்கிறான் என்பது என் உறுதியான நம்பிக்கை. அறுந்த செருப்பைக் காலில் இழுத்துக்கொண்டு திருவனந்தபுரம் முழுக்கச் சுற்றிவாருங்கள், ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரவிக்கையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு போங்கள், யாராவது ஒரு அம்மாள் காதோடு காதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு பெண் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு நடந்தால் மட்டும் பஸ் நிற்கும். (நின்றது. சொல்கிறேன்.)

இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு இருபத்தொரு வயது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் குடைக்கடை வைத்தவர் அவர். கடை திறந்த வருஷம் நான் பிறந்தேன். அதனால் கடைக்கு என் பெயரையே வைத்துவிட்டார். கோமதி குடைக்கடை. அதோடு விட்டாரா? ஒவ்வொரு குடைக்குள்ளும், உச்சிக்குப் பக்கத்தில், 'கோமதி' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சின்னத் துணிச்சீட்டு ஒன்றைத் தைத்து அனுப்பினார். நெய்யாற்றின்கரையில் மழை பெய்தாலும் ஆற்றிங்கலில் மழை பெய்தாலும் பாதி ஜனம் என் பெயருக்குக் கீழேதான் ஒதுங்கியது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'குடை' என்றார்கள். கோபம் வந்தால், 'ஓட்டைக் குடை'.

பி.ஏ. முடித்தவுடன் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. தென்னை மரங்களுக்கு ஓலை மஞ்சளித்து வாடும் ஒரு நோய் பரவியிருந்த நேரம். வீடு வீடாகப் போய், எத்தனை தென்னை, அதில் எத்தனைக்கு நோய், எத்தனை குலை தள்ளியிருக்கிறது என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு மாத வேலை. எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அம்மா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. ஆறு மாசம்தானே. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நம்ம கடைக்கு வார யாவாரி ஒருத்தன் வாயிலயும் ஒம் பேரு வரப்பிடாது. வந்துட்டுன்னா அன்னைக்கோட வேலைக்கு முழுக்கு."

(என் பெயர் கடைப் பலகையில் இரண்டடி உயரத்துக்கு எழுதியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

வேலையில் சேர்ந்த பிறகுதான், தென்னை மரத்தை எண்ணுவதற்கும் குடைக்கும் பிறவிப் பகை என்று தெரிந்தது. மரத்தை எண்ண அண்ணாந்து பார்க்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்தால் குடைதான் தெரியும். குடையைப் பின்னால் சாய்த்தால் வெயில் நேராக மூஞ்சியில் இறங்கும். இடது கையில் பதிவேடு, வலது கையில் பென்சில், குடையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? தென்னந்தோப்பில் நிழல் இருக்குமே என்பீர்கள். தென்னை நிழல் தரையில் கோடு கோடாக விழுமே தவிர, நிற்கிறவர் தலையில் விழாது. நம்பிக்கை இல்லையென்றால் மே மாதம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

நான் நின்றேன். இரண்டாவது வாரம், ஒரு வீட்டுக் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். அந்த வீட்டம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, கேட்ட முதல் கேள்வி: "கொட இல்லே மோளே?" குடை என் கக்கத்தில்தான் மடங்கிக் கிடந்தது.

மறுநாள் ஆபீசில் எங்கள் சூப்ரண்ட் சார் பழைய மர அலமாரி ஒன்றைத் திறந்தார். அதற்குள் ஐந்து சோலாத் தொப்பிகள் இருந்தன. தக்கை மாதிரி லேசான நெட்டியால் செய்து, மேலே காக்கித் துணி போர்த்தி, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்குமே, துரைத் தொப்பி, அதுதான். எந்தக் காலத்திலோ நிலம் அளக்க வந்தவர்கள் விட்டுப்போனவை. வெயிலில் வேலை செய்கிற ஐந்து பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். என்னோடு வேலை பார்த்த ஆண்கள் நான்கு பேர். ஒருவர், முடி படிந்துவிடும் என்றார். ஒருவர், அது ஏகாதிபத்தியச் சின்னம், தன் கட்சி அனுமதிக்காது என்றார். மூன்றாமவருக்கு மாமியார் வீடு போகிற வழியில் இருந்தது. நாலாமவர் வெறுமனே சிரித்தார்.

நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து பேரில் மூளை இருந்தது எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் தொப்பியைத் துணிப்பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா பையைப் பார்த்துவிட்டாள்.

"பையில என்னட்டி, பூசணிக்காயா?"

"ஆபீஸ் சாமான்மா."

கிழக்கே கோட்டையில் பஸ் ஏறி, விழிஞ்ஞம் போகிற வழியில், கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினேன். பஸ் கண்ணுக்கு மறைகிற வரை காத்திருந்து, பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டினேன். அடடா! ஒரு நிமிஷத்தில் உச்சந்தலை குளிர்ந்தது. இரண்டு கையும் சும்மா இருந்தன. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுதந்திரத்தை நான் அனுபவித்ததில்லை. அது மொத்தம் நூறு அடி தூரம் நீடித்தது.

பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது. என்னைத் தாண்டிப் போய், கிறீச்சென்று பிரேக் அடித்து, நடுரோட்டில் நின்றது. கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கையை ஆட்டினார்.

"மேடம்! கோவளம்? கம், கம்!"

கோவளம் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வழி தவறிப்போன மதாம்மா ஒருத்தியைக் காப்பாற்றுவதாக அந்த மனிதர் நினைத்திருக்கிறார். மாநிறத்தில், சுங்கடிச் சேலை கட்டிக்கொண்டு, தொப்பிக்குக் கீழே முழ நீளப் பின்னலோடு ஒரு மதாம்மா!

"ஞான் கோவளத்துக்கு அல்ல," என்றேன்.

கண்டக்டர் வாய் திறந்தபடி நின்றது. பிறகு உள்ளே திரும்பி, பஸ் முழுவதற்கும் அறிவித்தார்: "எடே, இது நம்முடெ ஆளாணு!"

அவ்வளவுதான். என் பக்கத்து ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. இந்தப் பக்கத்தில் இடம் போதாமல், அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். பஸ் லேசாகச் சாய்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"பின்னெ எந்தரினு தொப்பி?" என்று காரணம் கேட்டார் ஒருவர்.

"சினிமாக்காரியாயிரிக்கும்," என்று ஒருவர்.

"தலைக்கு எந்தெங்கிலும் அசுகமாயிரிக்கும், பாவம்," என்று ஒரு அம்மாள், என் காதில் விழும்படியாகவே.

"கொட இல்லே?" என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்.

ஐந்து நிமிஷம் பஸ் நின்றது. புறப்படும்போது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என்னால்தான் நேரமாகிவிட்டது என்று சொன்னாரே, அதை நான் என்றைக்கும் மன்னிக்க மாட்டேன். நானா நிறுத்தச் சொன்னேன்?

அடுத்து சாயாக்கடை. நான் வருவதைக் கண்டதும் உள்ளே பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்த ஒரு வயசாளி என் தொப்பியை மட்டும் பார்த்துவிட்டு, படக்கென்று எழுந்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டார். பெரியவர்களைக் கண்டால் அந்த ஊரில் காட்டுகிற மரியாதை அது. அந்த ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் கண் தொப்பியிலிருந்து கீழே இறங்கிவிட்டது. பின்னலைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். என்னமோ நான் அவரை ஏமாற்றிக் கும்பிடு வாங்கிவிட்ட மாதிரி முறைத்துவிட்டு, வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டினாரே ஒரு கட்டு! முன்பு இருந்ததைவிட ஒரு சாண் மேலே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது அடுத்து வந்த ஆள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தவர், என்னைக் கண்டதும் நின்று, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அவர் தலையில் என்ன இருந்தது தெரியுமா? தொப்பிக்குடை! பனையோலையில் முடைந்து, தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, அது. வயலிலும் கடற்கரையிலும் காலங்காலமாக ஊரே போட்டுக்கொண்டு திரிகிறது. அவர் தலையில் இருப்பது ஓலை, என் தலையில் இருப்பது நெட்டி. இரண்டுக்கும் வேலை ஒன்று. அவருடையது என்னுடையதைவிட மூன்று மடங்கு பெரிசு வேறு. இந்த நியாயத்தையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், அவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போயே விட்டார்.

அன்றைக்கு எண்ண வேண்டிய முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கம்மா என்று ஒரு அம்மாளின் வீடு. சுற்றி நல்ல தென்னை விளை, அதாவது தோப்பு. வேலிப்படலுக்குப் பக்கத்தில் நின்று பதிவேட்டை விரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அண்ணாந்து எண்ணத் தொடங்கினேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த தங்கம்மா நிமிர்ந்தாள். தொப்பியைப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து படலை இழுத்துச் சாத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கூப்பாடு போட்டாள்.

"ஓடி வரணே! மரத்தினு வரி போடான் ஆளு வந்நே!"

நிலச் சட்டம் வந்த புதிது. யார் நிலம் யாருக்குப் போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். கால்மணி நேரத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நான் வந்தது நோய்க்காக, வரிக்காக இல்லை என்று மலையாளத்தில் சொன்னேன், தமிழில் சொன்னேன், கையால் ஓலையைக் காட்டிச் சொன்னேன். மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"போன மாசம் நோயெண்ணு சொல்லி ஒரு சார் வந்நு. தலையில் ஒந்நும் இல்ல. பண்டு தொப்பி வச்சு வந்நவரெல்லாம் வரி போடான் வந்நவராணு. தொப்பி இருந்நால் வரி உண்டு. அது ஞங்ஙளுக்கு நல்லா அறியாம்."

கூட்டம் தலையை ஆட்டி ஆமோதித்தது. இந்த வாதத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆபீஸ் கொடுத்த கடிதத்தைக் காட்டலாம் என்றால், அதை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். (தொப்பியை ஒளிக்கிற அவசரம்.) "தொப்பிய எடுத்துட்டுப் பேசு," என்று ஒருவர் தமிழிலேயே சொன்னார். அந்த நேரத்தில் கழற்றியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் சேர்ந்து என் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. "எடுக்க மாட்டேன்," என்றேன்.

"பேரென்ன?"

"கோமதி."

"எந்தக் கோமதி? எவிடத்தெ கோமதி?"

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பக்கத்தில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் கடைக் குடை. கம்பியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டில் விரலை வைத்தேன்.

"இந்தக் கோமதி!"

குடைக்குச் சொந்தக்காரர் தலையை உள்ளே விட்டு, சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. விழிஞ்ஞத்தில் கடை வைத்திருக்கும் ஸ்டீபன். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அப்பாவிடம் டஜன் கணக்கில் குடை எடுக்கிறவர்.

"ஐயோ, இது சாலையில் அண்ணாச்சியுடெ மோளல்லே!" என்று கத்தினார் ஸ்டீபன். "குடைக்கடை அண்ணாச்சி! சொந்த மோளு... தொப்பி வச்சு..."

சிரிப்பு முதலில் மீசைக்காரரிடம் தொடங்கியது. பிறகு வேலியோரமாகப் பரவி, கடைசியில் தங்கம்மாவிடம் வந்து சேர்ந்தது. அவள் படலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். "குடைக்காரன்றெ மோள்க்குத் தொப்பி!" என்று யாரோ சொல்ல, அடங்கப்போன சிரிப்பு மறுபடி கிளம்பியது. வரி போட வந்தவள் என்று கல்லெறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

படல் திறந்தது. அதுவரை பகையாளியாக இருந்தவள் ஒரே நொடியில் வீட்டுப் பெண்ணாகிவிட்டேன். நாற்பது பேரும் என்னோடு விளைக்குள் வந்தார்கள். நாற்பது பேரும் உரக்க எண்ணினார்கள். முப்பத்திரண்டு என்றார் ஒருவர், முப்பத்தேழு என்றார் ஒருவர், வேலி மேல் சாய்ந்து நின்ற மரம் யாருடையது என்று அண்டை வீட்டுக்காரருக்கும் தங்கம்மாவுக்கும் சண்டை வந்தது. நான் முதலிலிருந்து மூன்று தடவை எண்ணினேன்.

முடிந்ததும் தங்கம்மா ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தாள். "இனியெங்கிலும் அதெடுத்து வை மோளே," என்றாள் பிரியமாக. நான் எடுப்பேனா? தொப்பியோடேயே குடிப்பேன் என்று காட்டுவதற்காக, நாடாவை மட்டும் தளர்த்திக்கொண்டு, இளநீரை வாயில் வைத்து நன்றாக அண்ணாந்தேன்.

தொப்பி பின்பக்கமாகக் கழன்று விழுந்தது. தரையில் விழுந்திருக்கக் கூடாதா? எனக்குப் பின்னால், கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு, அதாவது உரித்த மட்டை, ஊறப்போட்ட குட்டை இருந்தது. தொண்டு அழுகும் தண்ணீரின் மணத்தை அறியாதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. அறிந்தவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. நெட்டித் தொப்பி மூழ்குமா? ஒரு சின்ன வள்ளம் மாதிரி அந்தக் கறுப்புத் தண்ணீரில் மெல்ல மெல்ல நடுவே மிதந்து போனது. நாற்பது பேரும் கரையில் நின்று அதை வழியனுப்பினார்கள். கடைசியில் மீசைக்காரர்தான் தொரட்டிக் கம்பால் இழுத்துக் கரை சேர்த்து, இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

அரசாங்கச் சொத்து. தூக்கி எறியவும் முடியாது. துணிப்பைக்குள் வைத்தால் பதிவேடும் நாறும். கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேன். காலையில் என் தலையைப் பார்க்க முட்டி மோதிய ஊர், மாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு ஒரு முழு சீட்டை ஒதுக்கிக் கொடுத்தது.

எனக்கு ஒரே கவலைதான். ஸ்டீபன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டுமானால் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கமாக, மளிகைக் கடை மூட்டைகளை ஒட்டி ஒட்டி நடந்தேன்.

"ஏட்டி கோமதி. இங்க வா."

அப்பாவின் குரல். உயரவில்லை. அதுதான் பயம். அவர் குரல் உயர்ந்தால் கோபம் பாதி வெளியே போய்விட்டது என்று அர்த்தம்.

கடைக்குள் மூன்று வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டீபன். எனக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துவிட்டாராம். ஆர்டர் கொடுக்க வந்ததாகச் சொன்னார். யார் நம்புவார்கள்?

"அண்ணாச்சி, ஞான் கேக்கிறேன் எண்ணு தப்பா தோணப்பிடாது," என்றார் ஸ்டீபன். "இந்த வருஷம் துணி மோசமா? வீட்டுப் பொண்ணே குடை வேண்டாம்னு தொப்பி வச்சா, நாங்க எப்படி விக்கும்?"

மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. என் பெயர் வியாபாரி வாயில் வந்தாகிவிட்டது. ஒருவர் வாயில் இல்லை, மூன்று பேர் வாயில். வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். சொட்டுகிற தொப்பியோடு வாசலில் நின்றேன்.

அப்பா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார். "குடைய ஏன் பிடிக்கல?"

"கை பத்தலப்பா."

இரண்டாவது வியாபாரிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய குடைகளில் நல்லதாக ஒன்றை எடுத்தார். ஆர்டர் எழுதுகிற நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். விறுவிறுவென்று கடைக்குப் பின்னால் கிடங்கு முற்றத்துக்கு நடந்தார். அங்கே ஒரு தென்னை மரம் உண்டு. நாங்கள் நான்கு பேரும் பின்னாலேயே போனோம்.

"எண்ணணும்னா என்னத்த எண்ணணும்?"

"எத்தனை குலை, எத்தனை ஓலை மஞ்சள். எண்ணி எழுதணும்ப்பா."

அப்பா குடையை விரித்தார். இடது கையில் குடையும் நோட்டும், வலது கையில் பென்சில். கம்பீரமாகத்தான் இருந்தார். அண்ணாந்து பார்த்தார். குடைக்குள் 'கோமதி' என்று தமிழிலும் மலையாளத்திலும் தெரிந்தது. மரம் தெரியவில்லை. குடையைப் பின்னால் சாய்த்தார், வெயிலில் கண் கூசியது. காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கினார், கழுத்து கோணிக்கொண்டது. நோட்டு நழுவியது. அதைப் பிடிக்கப்போய்ப் பென்சில் விழுந்தது. குனிந்து எடுக்கையில் குடைக்கம்பி ஸ்டீபனின் நெற்றியைப் பதம் பார்த்தது. "ஒண்ணு... ரெண்டு..." என்று தொடங்கினார். மூன்றுக்குப் போகவே இல்லை.

இருபது வருஷமாகக் குடையைப் பற்றி அப்பாவிடம் வாதம் செய்து ஜெயித்தவர் இல்லை. அன்றைக்குக் குடையே அவரிடம் வாதம் செய்தது. அவர் அதை மெதுவாக மடக்கினார். நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கையை நீட்டி என்னிடமிருந்து தொப்பியை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அது தப்பு என்று புரிந்து, கையை நீட்டமாக வைத்துக்கொண்டார். பிறகு வியாபாரிகளைப் பார்த்துத் திரும்பினார்.

"இத யாருவே தொப்பின்னு சொன்னது?"

மற்ற இரண்டு பேரும் ஸ்டீபனைக் காட்டினார்கள்.

"இது காம்பில்லாத குடை. குடைன்னா என்னவே? வெயிலுக்கும் மழைக்கும் தலைக்கு மேல ஒண்ணு. கை சும்மா இருக்கவன் காம்போட பிடிப்பான். வேலை பாக்குதவ காம்பில்லாம வைப்பா. எம் மக வேலை பாக்குதா. இதுல சிரிக்கதுக்கு என்ன இருக்கு?"

ஸ்டீபன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அது சரி அண்ணாச்சி," என்றார்.

காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த வாதம் அதுதான். அப்பா அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை கௌரவமாக முடிந்திருக்கும். நிறுத்தவில்லை. ஜெயித்த வேகத்தில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார்.

"அடுத்த மாசம் இதுவும் நம்ம கடையில கிடைக்கும். வேணும்ங்கவன் வந்து வாங்கிக்கிடட்டும்!"

சும்மா சொன்னது. கோபத்தில் வந்தது. தொப்பிக்கு எங்கே போவது என்றே அப்பாவுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும், ஸ்டீபனுக்குத் தெரியாது. அவர் விழிஞ்ஞம் போய்ச் சேருவதற்குள் வழியில் இருக்கிற அத்தனை ஊரிலும் சொல்லிவிட்டார்.

நான் தொப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாடியில் காயவைத்து, ஆறு மாதமும் போட்டுக்கொண்டு மரம் எண்ணி முடித்தேன். வேலைக்கு முழுக்கு என்ற பேச்சை அப்பா அதன் பிறகு எடுக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் ஊருக்கும் பழகிவிட்டது. நான் தொப்பி இல்லாமல் போன ஒரு நாளில், தங்கம்மா என்னை அடையாளம் தெரியாமல் படலைச் சாத்தினாள். (இதற்கும் நான் என்ன சொல்வது?)

ஆனால் கடை? ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடைகளுக்கு நடுவே நுழைந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "தொப்பி உண்டோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் நம்பவில்லை. உள்ளே ஒளித்து வைத்திருக்கிறோம், வேண்டியவர்களுக்குத்தான் கொடுப்போம் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வருஷம் சாலைக் கடைத்தெரு முழுக்க எங்கள் கடைக்குத் தொப்பிக்கடை என்று பெயராகிவிட்டது. இருபது வருஷம் ராப்பகலாக உழைத்துக் குடை விற்ற மனிதரைத் தெருவில் 'தொப்பி அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் அவர் எப்படி இருப்பார்? என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தம்பானூரில் ரயிலிறங்கி, தொப்பிக்கடை எது என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தார்கள். மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, என்ன தொப்பி விற்கிறீர்கள் என்பது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். (அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.)

கடைசியில் பொறுக்கமுடியாமல் அப்பா ஒரு பலகை எழுதி மாட்டினார். சிவப்பு எழுத்தில், இரண்டு மொழியிலும்: 'இங்கே தொப்பி விற்கப்படமாட்டாது.' அதன் பிறகு, அதுவரை தொப்பியைப் பற்றி யோசித்தே பார்க்காதவர்களும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு உள்ளே வந்து, "அதெந்தா தொப்பி இல்லாத்தது?" என்று காரணம் கேட்டார்கள்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. இப்போது கடையில் என் தம்பி இருக்கிறான். கடைக்கு வெள்ளையடிப்பதற்காகப் போன வருஷம் அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தான். பழசாகிவிட்டது, இனி எதற்கு என்று நினைத்திருக்கிறான். மூன்று நாள் வியாபாரமே இல்லை. தபால்காரர்கூடக் கடையைத் தாண்டிப் போய்விட்டார். ஸ்டீபனின் மகன் இரண்டு தடவை தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டு, தொப்பிக்கடையை எப்போது மூடினீர்கள் என்று போன் செய்தானாம்.

நாலாம் நாள் காலையில் தம்பி பலகைக்குப் புது வர்ணம் அடித்து, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதி, மாட்டிவிட்டான்.